கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பிஸ்கட் டப்பா ஒன்றிலிருந்து மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட் கிடைத்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருந்தது. ஒரு கோடிக்கு ஒன்றே ஒன்று குறைவு. பின்பக்கத் திருகைக் கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளங்கை அளவு ஓட்டுக்குள், அடிப்பக்கமாக, இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு பச்சைப் பலகை. அதன் நடுவே, சில்லை மூடி, தார் சொட்டி உறைந்ததுபோலக் கறுப்பாக ஒரு குமிழ். மற்றதெல்லாம் காற்று. கோடி ஆட்டங்கள் என்று நம்பி வாங்கியதில் மொத்தம் பத்துப் பதினைந்துதான் தேறும். மாரியோவை ஐந்தாம் உலகத்திலிருந்து தொடங்கினால் அது தனி ஆட்டம், ஆறாம் உலகத்திலிருந்து தொடங்கினால் இன்னொரு தனி ஆட்டம் என்று எண்ணிக்கையை ஏற்றியிருந்தார்கள்.

தொண்ணூறுகளில் நம்மூர்க் கடைகளில் விதவிதமான பெயர்களில் விற்ற, இந்தக் கேசட்டைப் போட்டு ஆடும் கருவிகள் எல்லாம் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியின் நகல்கள். அசல், 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலையில் வந்தது. அதற்கான ஆட்டப் பெட்டியை உலகம் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் என்றது. ஜப்பானியர்கள் 'கசெட்டோ' என்றார்கள். நாமும் கேசட் என்றோம். சொல்லளவில் நாம் அசலுக்கு நெருக்கம். பொருளளவில் எங்களில் பலர் அசலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய ஆட்டங்களில் ஆர்வமுள்ளவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று நடக்கிறது. அசல் கேசட்டைத் தேடி வாங்கி ஆடுவதுதான் முறை என்பது ஒரு கட்சி. எல்லா ஆட்டங்களையும் நினைவக அட்டையில் போட்டு, அதை ஒரு பிளாஷ் கேசட்டில் செருகிப் பழைய கருவியில் ஆடினால் போதும் என்பது இரண்டாவது. கருவியும் வேண்டாம், கணினியிலோ கைபேசியிலோ பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டர் இருக்கும்போது பரணை எதற்கு அடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. கேட்டால் பணக்காரர், சிக்கனக்காரர், சோம்பேறி ஆகியோரின் சண்டை போலத் தோன்றும். ஆனால் கேசட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கேள்வி வேறு விதமாகத் தெரியும். ஆட்டம் என்பது கேசட்டில் முடிகிறதா, கருவியில் முடிகிறதா? அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டால், எதை நகலெடுக்க முடியும், எது நகலில் தவறிப்போகும் என்பதும் தெரிந்துவிடும்.

எளிய கேசட்டிலிருந்து தொடங்கலாம். முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தம் 40 கிலோபைட். நிரலுக்கு 32, படங்களுக்கு 8. இன்று ஒருவர் காலை வணக்கத்துக்கு அனுப்பும் பூப்படம் இதைவிடப் பெரியது. தொழிற்சாலையில் அச்சு வார்த்ததுபோல நிரந்தரமாகப் பதித்த இரண்டு ரோம் சில்லுகள், அவ்வளவுதான். ஃபேமிகாமின் செயலி கேசட்டுக்கென ஒதுக்கிய முகவரிகளில் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நிரல் அளவும் அந்த 32 கிலோபைட்தான். மாரியோ அந்த அறைக்குள் சரியாக அடங்கியது.

அடுத்து வந்த ஆட்டங்கள் அடங்கவில்லை. 1988-இல் வந்த மூன்றாம் மாரியோ 384 கிலோபைட். கருவி வீடு வீடாக விற்றாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. ஆகவே கேசட்டுக்குள் இன்னொரு சில்லை வைத்தார்கள். ஓலைச்சுவடி படிப்பவருக்குப் பக்கத்தில் இருந்து ஏடு தள்ளிக்கொடுக்கும் ஆள் போல, செயலிக்கு எந்த நேரத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டுமோ அதை மாற்றி மாற்றிக் காட்டுவது அதன் வேலை. இதை மேப்பர் என்பார்கள். நிண்டெண்டோ பல வகை மேப்பர்கள் செய்தது. ஜப்பானில் கொனாமி போன்ற நிறுவனங்கள் தாமே செய்துகொண்டன. அப்போதே எல்லை கலங்கிவிட்டது. கருவியின் ஒரு துண்டு கேசட்டுக்குள் குடியேறிவிட்டது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சாட்சி, நாம் கேஸில்வேனியா 3 என்று அறிந்த ஆட்டத்தின் ஜப்பானியப் பதிப்பு. 1989-இல் வந்த அதில் கொனாமி விஆர்சி6 என்ற தன் சில்லை வைத்தது. அது ஏடு தள்ளுவதோடு நிற்காமல் பாடவும் செய்யும்; கருவியிடம் ஏற்கெனவே இருந்த ஒலிகளோடு மேலும் மூன்று ஒலிகளைச் சேர்க்கும். ஃபேமிகாமில் ஒலி கேசட் வழியாகப் போய்த் திரும்பும்படி கம்பி இழுத்திருந்ததால் இது சாத்தியமானது. அமெரிக்காவுக்குப் போன கருவியில் அந்தப் பாதை கேசட்டைத் தொடவில்லை. ஆகவே அமெரிக்கப் பதிப்பு வேறு சில்லோடு, மெலிந்த இசையோடு போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். அதே ஆட்டம், இரண்டு கேசட்டுகள், இரண்டு இசை. இதில் அசல் எது?

அடுத்த தலைமுறையான சூப்பர் ஃபேமிகாமில் கேசட் இன்னும் வீங்கியது. 1993-இன் ஸ்டார் ஃபாக்ஸ் முப்பரிமாண விண்கலங்களை வரைந்ததற்குக் காரணம் கேசட்டுக்குள் இருந்த சூப்பர் எஃப்எக்ஸ் சில்லு. 1992-இன் சூப்பர் மாரியோ கார்ட்டில் கணக்குப் போடுவதற்கென்றே டிஎஸ்பி-1 என்ற சில்லு இருந்தது. இவற்றை வெறும் 'சேமிப்புப் பெட்டி' என்று நினைத்தால் தவறிவிடும். பாதிக் கருவி கேசட்டில் இருந்தது.

பிளாஷ் கேசட்டின் கதை இங்கிருந்துதான் புரியும். வெளியே பார்க்க அதுவும் ஒரு கேசட். உள்ளே நினைவக அட்டைக்கு ஒரு துளை. அட்டையிலிருந்து ஆட்டத்தைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, கருவி கேட்கும்போது அசல் ரோம் சில்லைப் போலப் பதில் சொல்லும். மேப்பர்களுக்கு என்ன செய்வது? உக்ரைனிய வடிவமைப்பாளர் ஒருவர் கிரிக்ஸ் என்ற பெயரில் வெளியிடும் எவர்டிரைவ் வரிசை இதற்கு எஃப்பிஜிஏ சில்லைப் பயன்படுத்துகிறது. அது பிறவியிலேயே இன்னதென்று தீர்மானிக்கப்படாத சில்லு. உள்ளிணைப்புகளை மாற்றி எழுதினால் இன்று விஆர்சி6, நாளை வேறொன்று. அந்தந்த ஆட்டத்துக்கான வேஷத்தை அது கட்டிக்கொள்கிறது. கருவியின் செயலி, படச் சில்லு, கைப்பிடி, டிவி எல்லாம் அசல். கேசட் மட்டும் நாடகம். கருவிக்கு அது தெரிய வழியில்லை. விலை நூறு டாலரைத் தாண்டும், உண்மைதான். ஆனால் அரிதான ஒரே ஒரு அசல் ஆட்டத்தின் விலை அதைப் பல மடங்கு மிஞ்சும்.

பிளாஷ் கேசட் என்றாலே திருட்டு என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நிண்டெண்டோவே அதை விற்றது. 1997 முதல் சில ஆண்டுகள் ஜப்பானில் லாசன் கடைகளுக்கு அழித்தெழுதும் சூப்பர் ஃபேமிகாம் கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால், பணம் கட்டி, அங்கிருந்த இயந்திரத்தில் விரும்பிய ஆட்டத்தை ஏற்றிக்கொள்ளலாம். அதற்கும் முன்பு, ஃபேமிகாமுக்கான வட்டுகளில் கடை இயந்திரத்தில் 500 யெனுக்குப் புது ஆட்டம் எழுதித் தந்தார்கள். 2000-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த கடைசி ஆட்டங்களில் ஒன்று இந்த அழித்தெழுதும் கேசட்டுக்காகவே வெளியானது. அதற்கு 'தொழிற்சாலை அசல்' தேடி அலைபவருக்குக் கிடைக்கப்போவதும் அழித்தெழுதும் கேசட்டில் ஏற்றிய நகல்தான்.

எமுலேட்டர் இன்னும் ஒரு படி போகிறது. கேசட்டோடு கருவியையும் சேர்த்து மென்பொருளால் நடிக்கிறது. இதில் தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். தொண்ணூறுகளின் இறுதியில் வந்த எமுலேட்டர்கள் சாதாரணக் கணினியிலேயே சூப்பர் ஃபேமிகாமை ஓட்டின. ஆனால் அவை புகழ்பெற்ற ஆட்டங்கள் ஓடினால் போதும் என்று ஆங்காங்கே ஒட்டுப் போட்டவை. பிஎஸ்நெஸ் என்ற எமுலேட்டரை எழுதிய, பையூ என்ற புனைபெயரால் அறியப்பட்டவர் வேறு வழியில் போனார். கருவியின் ஒவ்வொரு துடிப்பும் அசலைப் போலவே நிகழ வேண்டும் என்றார். உச்ச வேகமே 3.58 மெகாஹெர்ட்ஸ் உள்ள செயலியை அப்படி நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் கணினி தேவை என்று 2011-இல் அவர் விளக்கி எழுதியபோது பலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை இல்லை. ஒரே நேரத்தில் பல சில்லுகள் தனித்தனியாகத் துடித்ததை ஒரு செயலி வரிசையில் நின்று நடிக்க வேண்டுமென்றால் அந்த விலை கொடுத்தாக வேண்டும். டிஎஸ்பி-1 போன்ற சில்லுகளின் உள் நிரலைப் பெற, அசல் சில்லுகளின் மேலோட்டை அமிலத்தால் கரைத்து, நுண்நோக்கியில் படம் எடுத்து, புள்ளி புள்ளியாகப் படித்தார்கள். அதற்காகச் சில அசல் கேசட்டுகள் செத்தன. அவற்றைக் கொன்றதால்தான் மற்றவை பிழைத்தன.

எமுலேட்டரால் சமாளிக்க முடியாத எல்லை ஒன்று உண்டென்றால் அது கண்ணாடித் திரைக்கும் கைக்கும் நடுவில் இருக்கிறது. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவிக்கு வந்த முதல் சோனிக் ஆட்டத்தில் அருவி நீரை இடைவெளி விட்ட செங்குத்துக் கோடுகளாக வரைந்திருப்பார்கள். அக்கால வீட்டு டிவியின் மங்கல் அந்தக் கோடுகளைக் கரைத்து, பின்னணி தெரியும் நீராகக் காட்டியது. இன்றைய திரையில் துல்லியமாகப் பார்த்தால் அது ஜன்னல் கம்பி. வாத்துச் சுடும் ஆட்டத்தின் துப்பாக்கியோ புதிய திரையில் வேலையே செய்யாது. பழைய படக்குழாய் உடனுக்குடன் ஒளிர்வதை நம்பிச் செய்த கருவி அது. தாமதமும் உண்டு. பொத்தானை அழுத்துவதற்கும் உருவம் குதிப்பதற்கும் நடுவே கணினி, திரை, கம்பியில்லாக் கைப்பிடி என்று ஒவ்வொருவரும் சில மில்லி நொடிகளை எடுத்துக்கொள்வார்கள். கான்ட்ராவில் குழியைத் தாண்டும்போது அது கையில் தெரியும். ஆனால் இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும்: அசல் கேசட்டை அசல் கருவியில் போட்டு, அதை மலிவான தட்டைத் திரை டிவியில் இணைத்து ஆடுபவரின் அனுபவம், நன்றாக அமைத்த எமுலேட்டரைவிட மோசமாகவே இருக்கும். டிவியை விட்டுவிட்டுக் கேசட்டின் தூய்மையைப் பேசுவதில் அர்த்தமில்லை.

இனி மூப்பு. பதித்த ரோம் சில்லுகள் நீண்ட காலம் தாங்கும். அவற்றைச் சுற்றி இருப்பவைதான் தாங்காது. ஆட்டத்தின் முன்னேற்றத்தைச் சேமிக்கும் கேசட்டுகளில் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று இருக்கும். 1987-இல் அமெரிக்காவில் தங்க நிற ஓட்டோடு வந்த செல்டா அப்படிப்பட்டது. பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் ஓடும், சேமித்தது போகும். மாற்றுவது எளிது, 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருப்புளியும் பற்றவைக்கும் கோலும் போதும். ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றும் நொடியில், யாரோ ஒரு சிறுவன் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு தன் பெயரைத் தட்டி வைத்த சேமிப்பு அழிந்துவிடும். கழற்றுவதற்கு முன் அதைக் கணினிக்கு நகலெடுக்கும் கருவிகள் இப்போது உண்டு. அதைச் செய்யாமல் பேட்டரியை மாற்றுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

வட்டில் ஓடிய ஃபேமிகாமின் ரப்பர் பட்டைகள் இளகிப் பிசினாகிவிடுகின்றன. இவை எல்லாவற்றையும்விடக் கொடிது கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 பலகைகளுக்கு நேர்ந்தது. 1993 முதல் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்த இவற்றில் நிரல் மறையாக்கப்பட்டிருக்கும். அதைப் பிரிக்கும் சாவி, பேட்டரியின் தயவில் உயிரோடிருக்கும் நினைவகத்தில் இருக்கும். பேட்டரி செத்தால் சாவி போயிற்று, பலகை வெறும் பலகை. கள்ளப் பிரதியைத் தடுக்க வைத்த பூட்டு, காசு கொடுத்து வாங்கியவர் வீட்டிலேயே தற்கொலை செய்துகொண்டது. 1997-இல் தொடங்கிய மேம் எமுலேட்டரைச் சுற்றியிருந்த ஆர்வலர்கள் பல ஆண்டு முயன்று அந்த மறையாக்கத்தை உடைத்தார்கள். இன்று செத்த பலகைகளை அசல் உரிமையாளர்கள் உயிர்ப்பிப்பது அந்த உழைப்பின் பலனாகத்தான். எமுலேட்டர் இல்லாவிட்டால் அந்தச் சேகரிப்புகளில் பாதி அலமாரி அலங்காரம்.

சேகரிப்பவர்களின் இன்னொரு தலைவலி போலி. கேம்பாய் அட்வான்ஸுக்கான போக்கிமான் கேசட்டுகளில் இது மிக அதிகம். அசலின் முன் தாளில் மெல்லிய எண் ஒன்று அழுத்திப் பதிந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். போலியைத் திறந்தால் என் மஞ்சள் கேசட்டில் இருக்கும் அதே கறுப்புக் குமிழ் பல நேரம் இருக்கும். ஐம்பது மணி நேரம் ஆடிய பிறகு ஒரு நாள் சேமிப்பு காணாமல் போகும், அப்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது. அசல் விலை கொடுத்து நகல் வாங்குவதுதான் மூன்று வழிகளையும்விடக் கெட்ட வழி.

விலை என்று வந்துவிட்டதால் 2021-ஐ விட முடியாது. அந்த ஜூலையில், பிரிக்காத உறையோடு இருந்த செல்டா ஒன்று 8,70,000 டாலருக்கு ஏலம் போனது. இரண்டே நாளில் சூப்பர் மாரியோ 64 ஒன்று 15,60,000 டாலருக்குப் போனது. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்ற ஆட்டம் அது, அரிதே இல்லை. தனி நிறுவனம் ஒன்று உறையின் மடிப்பையும் மூலையையும் அளந்து 9.8 என்று மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற பெட்டிக்குள் அடைத்ததால் வந்த விலை. அந்தப் பெட்டியைப் பிரித்தால் மதிப்பு போய்விடும். உள்ளே இருக்கும் சில்லு வேலை செய்கிறதா என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. இதை நான் ஆட்டச் சேகரிப்பு என்று எண்ணுவதில்லை. தங்கக் கட்டி வாங்கினால் உருக்கவாவது செய்யலாம்.

உண்மையான சேகரிப்பு என்னவென்று கேட்டால் பையூவின் கதையைச் சொல்வேன். சூப்பர் ஃபேமிகாமின் எல்லா ஆட்டங்களையும் அசலிலிருந்தே நகலெடுத்து, ஒவ்வொன்றின் பலகையையும் படமெடுத்து, அட்டவணையிட அவர் முனைந்தார். இணையத்தில் சுற்றும் கோப்புகளில் எவை திருத்தப்பட்டவை, எவை கெட்டுப்போனவை என்பதை அசல் இல்லாமல் அறிய முடியாது. ஐரோப்பியப் பதிப்புகளுக்காக ஜெர்மனியிலிருந்த ஒரு சேகரிப்பாளர் 2017-இல் சுமார் நூறு கேசட்டுகளை இரவலாக அனுப்பினார். பொட்டலம் அமெரிக்கத் தபாலில் தொலைந்தது. ஆயிரக்கணக்கான டாலர் பெறுமானம். எல்லாம் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு கண்டெடுக்கப்பட்டது. எமுலேட்டர் எழுதுபவர்தான் அசல் கேசட்டுக்காக அதிகம் தவித்தார் என்பதை இந்தச் சண்டையில் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எமுலேட்டர் எழுதுவது தானாகக் குற்றமாகாது. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றுக்காகச் சோனி தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆனால் இன்றும் கடையில் விற்கும் ஆட்டங்களின் பூட்டை உடைக்க உதவினால் நிலைமை வேறு: நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியாக நடித்த யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் 2024-இல் 24 லட்சம் டாலருக்கு நிண்டெண்டோவோடு சமரசம் செய்துகொண்டு கடையை மூடினார்கள். நிண்டெண்டோவின் டிஎஸ் கருவி சந்தையில் இருந்தபோதே அதற்கான பிளாஷ் கேசட்டாகப் பரவிய ஆர்4 அட்டைகளுக்கு டோக்கியோ நீதிமன்றம் 2009-இல் தடை விதித்ததும் அதே காரணத்தால்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான பாதுகாப்பாகக் காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. தன் கேசட்டிலிருந்து தான் எடுப்பதற்குத்தான் அந்தச் சலுகை. யாரோ எடுத்து இணையத்தில் போட்டதை இறக்குவதற்கு அது கேடயமாகாது.

ஆனால் வாங்க நினைப்பவருக்கு வாங்க என்ன இருக்கிறது? அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளை மூடியது. நூலகங்கள் பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்ட அனுமதி கேட்டபோது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. விற்கவும் மாட்டோம், நூலகத்தில் காட்டவும் விடமாட்டோம் என்றால் மிச்சம் பரண்தான்.

எனக்கு எது உவப்பு என்று கேட்பவர்களுக்கு: பழைய கருவி, பழைய படக்குழாய் டிவி, ஒரு பிளாஷ் கேசட். பயணத்தில் கைபேசி எமுலேட்டர். 2024 ஏப்ரல் முதல் ஆப்பிளே அதைத் தன் கடையில் அனுமதிக்கிறது. அசல் கேசட்டுகள் ஐந்தோ ஆறோ உண்டு. அவற்றில் ஒன்று ஜப்பானிய கேஸில்வேனியா, அந்த இசைக்காக.

மஞ்சள் கேசட் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. நகல் கருவிகளுக்கென்று வந்த இத்தகைய கள்ளக் கேசட்டுகளுக்கும் விநோதமான மேப்பர்கள் உண்டு. இப்போது எமுலேட்டர் எழுதுபவர்கள் அவற்றையும் விடாமல் தேடி, எண் கொடுத்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள். ஃபேமிகாம் மேப்பர் பட்டியலில் கணிசமானவை இந்தக் கறுப்புக் குமிழ்களுக்கானவை. திருடியவனின் கைவேலைக்கும் இப்போது அசல் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. பலகையின் செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. சிறுவயதில் ஊதி ஊதிப் போட்டதன் ஈரம் அதில் ஒரு பங்காவது இருக்கும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தபோது மூன்றாவது பஞ்சும் கறுப்பாகவே வந்தது. இன்னும் இரண்டு தடவை துடைக்க வேண்டும். பிறகு கேசட்டைக் கணினிக்கு நகலெடுக்கும் படிப்பானில் செருகிப் பார்க்க வேண்டும்.